ஆமை புகுந்த தோட்டம்

எங்கள் வீட்டின் பின்புறம், சமையலறைச் சன்னலுக்கு நேர் கீழே, கூரையிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய் முடிகிற இடத்தில், 12 அடிக்கு 8 அடி அளவில் ஒரு மூலை இருக்கிறது. 2017ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், ஹோவர்ட் கவுன்டியில் இந்த வீட்டை நாங்கள் வாங்கியபோது, அந்த மூலையில் புத்தம் புதிய புல் விரித்து, கண்ணுக்குக் குளிர்ச்சியாக வைத்திருந்தார்கள். அடுத்த ஏப்ரலுக்குள் அந்தப் புல் அழுகி, பாசி படர்ந்து, கால் வைத்தால் கணுக்கால் வரை புதையும் சேறாகிவிட்டது. இந்தப் பகுதியின் மண் செம்பழுப்பு நிறக் களிமண்; பிசைந்து உருட்டினால் பிள்ளையார் பிடிக்கலாம். அதன் மேல் கூரைத் தண்ணீரும் விழுந்தால் என்ன ஆகும் என்பதை வீட்டை விற்றவர் அறிந்திருந்தார், நாங்கள் அறிந்திருக்கவில்லை.

தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்த ஊர் மழையைப் புரிந்துகொள்ளவே சில ஆண்டுகள் ஆயின. நம் ஊரில் மழைக்கு ஒரு பருவம் உண்டு, காத்திருப்பு உண்டு, பொய்ப்பதும் உண்டு. இங்கே ஆண்டுக்கு 40 அங்குலத்துக்குச் சற்று மேலாகப் பெய்யும் மழை பன்னிரண்டு மாதங்களுக்கும் ஏறக்குறைய சமமாகப் பங்கிடப்பட்டிருப்பதால், ஈரமான மூலை ஆண்டு முழுவதும் ஈரமாகவே கிடக்கிறது. 2018ஆம் ஆண்டோ கணக்கையெல்லாம் மீறியது. பக்கத்து நகரமான பால்டிமோரில் அந்த ஆண்டு ஏறக்குறைய 72 அங்குலம் பெய்தது. அங்கே மழை அளக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவ்வளவு பெய்ததில்லை.

அந்த வசந்தத்தில் வந்து பார்த்த ஒப்பந்தக்காரர், சரளைக்கல் நிரப்பிய வாய்க்கால் ஒன்றை வெட்டி, குழாய் புதைத்து, தண்ணீர் முழுவதையும் தெருவோரச் சாக்கடைக்கு இழுத்துவிடலாம் என்று சொல்லி, ஒரு தொகையும் சொன்னார். தொகை ஒருபுறம் இருக்க, யோசிக்க வைத்தது வேறொன்று. எங்கள் தெருத் தண்ணீர் ஓடைகளில் இறங்கி, படாப்ஸ்கோ ஆற்றுக்குப் போகிறது. அந்த வழியில், பள்ளத்தாக்கில் அமர்ந்திருக்கும் பழைய ஊர் எல்லிகாட் சிட்டி. 2016 ஜூலை 30 இரவிலும், இரண்டே ஆண்டுகள் கழித்து 2018 மே 27 பிற்பகலிலும், சில மணி நேர மழையில் அந்த ஊரின் கடைத்தெரு ஆறாக ஓடி, கார்களையும் கடைகளையும் அடித்துக்கொண்டு போனது. இரண்டு முறையும் உயிர்ச்சேதம் நேர்ந்தது. மேட்டில் இருக்கும் ஒவ்வொரு வீடும் தன் கூரைத் தண்ணீரை எவ்வளவு வேகமாகக் கைகழுவுகிறதோ, அவ்வளவு வேகமாக அது கீழே இருப்பவர்கள் தலையில் விழுகிறது. வெள்ளத்துக்கு எங்கள் வீட்டு மூலைதான் காரணம் என்று சொல்லும் அளவுக்கு எனக்குப் பித்துப் பிடிக்கவில்லை. ஆனால் தண்ணீரை வெளியேற்றக் காசு கொடுப்பதற்குப் பதிலாக, தண்ணீரில் நிற்கக்கூடிய செடியைத் தேடினால் என்ன என்ற எண்ணம் அந்த மே மாத இறுதியில்தான் வந்தது.

செடியை நான் தேடிக் கண்டுபிடித்ததாகச் சொல்ல முடியாது. அந்த ஆண்டு செப்டம்பரில், சதுப்பு நிலத்தின் மேல் மரப்பலகைப் பாதை போட்டிருந்த ஒரு பூங்காவில், என் மகள் குனிந்து, “அப்பா, இந்தப் பூ வாயை மூடிக்கொண்டிருக்கிறது” என்றாள். இடுப்பளவு உயரம், கரும்பச்சை நிறத்தில், விளிம்பில் பல் வெட்டிய ஈட்டி போன்ற இலைகள் எதிரெதிரே இரண்டிரண்டாக, உச்சியில் நெருக்கமாக அடுக்கிய வெண்ணிறப் பூக்கள். ஒவ்வொன்றும் ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமான நீளம். மேலுதடு கவிந்து கீழுதட்டின் மேல் படிந்திருந்ததைப் பக்கவாட்டில் பார்த்தால், ஓட்டுக்குள்ளிருந்து நீட்டிய ஆமைத் தலையேதான். ஆங்கிலத்திலும் அதை டர்ட்டில்ஹெட், ஆமைத்தலை என்றுதான் அழைக்கிறார்கள். 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் வைத்த தாவரவியல் பெயர் கெலோனி கிளாப்ரா. கெலோனி என்றால் கிரேக்க மொழியில் ஆமை. சீயஸ் கடவுளின் திருமணத்துக்கு வராமல் வீட்டிலேயே இருந்துவிட்டதால் ஆமையாகச் சபிக்கப்பட்ட ஒரு வனதேவதையின் பெயரும் அதுவே. கிளாப்ரா என்றால் மயிரற்றது, வழவழப்பானது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து முதல் தெற்கே ஜார்ஜியா வரை, ஓடைக்கரைகளிலும் சதுப்புகளிலும் தானாக வளரும், இந்த மண்ணுக்கே உரிய பல்லாண்டுச் செடி இது. மற்ற செடிகள் பூத்து ஓய்ந்த பிறகு, ஆகஸ்ட் கடைசியில்தான் இது வாய் திறக்கத் தொடங்கும். வாய் திறக்கும் என்பது ஒரு பேச்சுக்குத்தான். உண்மையில் இது திறப்பதே இல்லை.

மறு ஆண்டு மே மாதம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். நான் காரின் பின்பகுதியிலிருந்து மூன்று தொட்டிகளை இறக்குவதைப் பார்த்து, என்ன செடி என்று கேட்டார். பெயரைத் தமிழில் சொன்னேன். ஒரு கணம் என்னையே பார்த்தார்.

“ஏம்ப்பா, ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதும்பாங்க. நீ காசு கொடுத்து வாங்கிட்டு வந்து வைக்கிறியே.”

அவருடைய இரண்டாவது கவலை கொசு. தண்ணீர் தேங்கும் குழியை நானே வெட்டுகிறேன் என்றால் டெங்கு வராதா என்றார். நியாயமான கேள்வி. கொசு முட்டையிட்டு, புழுவாகி, பறப்பதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் தேங்கிய நீர் வேண்டும். தண்ணீர் ஓரிரு நாளில் மண்ணுக்குள் இறங்கிவிட்டால் கொசுவுக்கு வழியில்லை. எனவே நடுவதற்கு முன் ஓர் அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, வாளியால் நீர் நிரப்பி, அம்மாவையும் சாட்சியாக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மாலை ஆறு மணிக்கு ஊற்றியது மறுநாள் நண்பகலில் வடிந்திருந்தது. மேலே தேங்காமல், உள்ளே வேர் மட்டத்தில் எப்போதும் ஈரமாக இருக்கும் இடம் என்பது இதனால் உறுதியானது. இந்தச் செடி கேட்பதும் அதைத்தான். திருவாரூர்ப் பக்கத்து வாய்க்கால் வரப்புகளில் நீர்முள்ளி நிற்குமே, ஏறக்குறைய அந்த மாதிரி இடம் என்றபோதுதான் அம்மா சமாதானமானார்.

ஆனால் அம்மாவின் பழமொழி அந்த ஆண்டு பலித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஆகஸ்டில் பூத்தவை வெள்ளையாக இல்லை, பளீரென்ற இளஞ்சிவப்பு. சீட்டில் வெள்ளைப் பூ வகையின் பெயரைப் போட்டு, கடைக்காரர் கொடுத்தது கெலோனி லயோனி என்ற வேறு இனம். அதுவும் அமெரிக்கச் செடிதான், அழகும்தான். ஆனால் அதன் பிறப்பிடம் வட கரோலினா, டென்னசி பக்கத்துத் தென் அப்பலாச்சியன் மலைகள். எங்கள் படாப்ஸ்கோ ஓடைக்கரைச் செடி அன்று. கடையில் கேட்டபோது, “இதுவும் நாட்டுச் செடிதானே” என்றார்கள். யாருடைய நாடு, எந்த மலை, எந்த ஓடை என்று கேட்காமல் ‘நாட்டுச் செடி’ என்ற முத்திரையை மட்டும் நம்பி வாங்கினால் இப்படித்தான். அந்தச் சிவப்புகளை வீட்டின் வடபுறத்துக்கு மாற்றிவிட்டு, அதே செப்டம்பரில், உள்ளூரில் சேகரித்த விதையிலிருந்து வளர்ப்பவர்களிடம் வெள்ளையில் ஐந்து நாற்றுகள் வாங்கினேன்.

நடுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. களிமண்ணை முழுவதுமாக அகற்றிவிட்டு நல்ல மண் போட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அது வீண் வேலை, குழிக்குள் ஒரு தொட்டி கட்டியதைப் போலாகி வேர் வெளியே போகாது. மக்கிய இலையை மேல் மண்ணோடு இரண்டு கைப்பிடி ஆழத்துக்குக் கலந்தேன். செடிக்குச் செடி ஒன்றரை அடி இடைவெளி விட்டேன். நான்கு மணி நேரக் காலை வெயில், பிறகு மேப்பிள் மரத்தின் நிழல். முழு வெயிலிலும் இது வளரும், ஆனால் அங்கே மண் ஒரு நாளும் காயக்கூடாது. காய்ந்தால் செடி உடனே சாகாது, அதனால்தான் நாம் ஏமாந்துபோகிறோம். நான் நட்ட அந்தச் செப்டம்பரில் மழை அரிதாகிப்போய், கூரைக் குழாயும் வறண்டு கிடந்தது. ‘இது ஈர மூலைதானே’ என்ற நினைப்பில் பத்து நாள் நீர் ஊற்றவில்லை. இலைகளின் மேல் திருநீறு பூசியதைப் போல் சாம்பல் நோய் படிந்துவிட்டது. சாம்பல் நோய் என்றதும் ஈரம் அதிகம் என்று நினைத்து நீரைக் குறைப்பதுதான் நம் பழக்கம். இந்தச் செடியைப் பொறுத்தவரை வேரில் வறட்சி, மேலே காற்றோட்டமின்மை, இவை இரண்டும் சேரும்போதுதான் அது வருகிறது. நீரைக் கூட்டியதும் புதுத் துளிர் சுத்தமாக வந்தது.

2020இல் ஐந்தும் பூத்தன. அந்த ஆண்டு வெளியே போக இடமில்லாததால், மடக்கு நாற்காலியைச் சேற்றோரத்தில் போட்டுக்கொண்டு ஒரு பூவை முழுவதுமாகப் பார்க்கும் நேரம் எனக்குக் கிடைத்தது. காலை ஒன்பது மணிக்கு மேல் பம்பிள் தேனீக்கள் வரும். நம் ஊர்த் தேனீயைவிடப் பருத்து, மயிரடர்ந்து, மஞ்சளும் கறுப்புமாக இருக்கும். பூவின் கீழுதட்டில் வந்து இறங்கும், தலையை இரு உதடுகளுக்கும் நடுவே செருகி முட்டும், கால்களால் உந்தும். சின்னத் தேனீக்கள் இந்த இடத்திலேயே தோற்றுத் திரும்பிவிடுகின்றன. கதவைத் தள்ளும் பலம் பம்பிள் தேனீக்குத்தான் உண்டு. உள்ளே போனதும் உதடுகள் அதன் பின்னால் மூடிக்கொள்ளும். பூ புடைக்கும், குலுங்கும். காதைப் பக்கத்தில் வைத்தால் உள்ளேயிருந்து அடைத்த குரலில் ரீங்காரம் கேட்கும். தேனீ உள்ளே புரளப் புரள உதடுகள் திறந்து மூடுவதைப் பார்க்கும்போது, ஆமை எதையோ மெல்லுவது போலவே இருக்கும். எண்ணிப் பார்த்தேன்: ஒன்பது, பத்து நொடி. பிறகு பின்பக்கமாக ஊர்ந்து வெளியே வரும், முதுகில் வெள்ளைப் பொடியோடு.

அந்தப் பொடி முதுகில் விழுவதற்குத்தான் இத்தனை ஏற்பாடும். உதிர்ந்த பூவொன்றைச் சவர பிளேடால் நெடுக்காகப் பிளந்து பார்த்தேன். கூரைக்கு அடியில், கம்பளி சுற்றியதைப் போன்ற நான்கு மகரந்தப்பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஐந்தாவது மகரந்தத்தாள் மலடு. பை இல்லாமல், பச்சை நிறத்தில் குட்டையாக நிற்கிறது. சிவப்புப் பூ இனத்தில் அது பச்சையாக இருக்காது. கடைக்காரரிடம் சண்டை போடுகிறவர்களுக்கு இது நல்ல அடையாளம். பூ முதலில் ஆணாக இருந்து மகரந்தத்தைக் கொடுத்து முடித்த பிறகுதான், சூல்தண்டு நீண்டு வளைந்து வாயருகே வந்து, வேறு பூவின் பொடியோடு வரும் தேனீக்காகக் காத்திருக்கிறது. பூக்கள் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக வருவதால், ஒரே தண்டில் கீழே பெண்ணும் மேலே ஆணும் ஒரே சமயத்தில் இருக்கும்.

இந்தத் தேனும் சாதாரணத் தேன் இல்லை. செடியின் இலை கசக்கும். நான் ஒரு துணுக்கு மென்று பார்த்துவிட்டு, சிறுவயதில் குடித்த நிலவேம்புக் கஷாயத்தை அரைமணி நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கசப்புக்குக் காரணமான கேட்டல்பால் என்ற பொருள் தேனிலும் கலந்திருக்கிறது. டார்ட்மத் கல்லூரி ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், பம்பிள் தேனீயின் குடலில் வாழும் கிரித்திடியா என்ற ஒட்டுண்ணியை இந்தப் பொருள் குறைப்பதைக் காட்டினார்கள். செப்டம்பர் தேனீக்களுக்கு இது முக்கியம். பம்பிள் தேனீக் கூட்டில் குளிர்காலத்தைத் தாண்டுவது அந்த ஆண்டு பிறந்த இளம் ராணிகள் மட்டுமே; மற்ற எல்லாம் உறைபனியில் செத்துவிடும். மண்ணுக்குள் புகுந்து ஆறு மாதம் உறங்குவதற்கு முன் அந்த ராணிகள் வயிறு நிரப்பும் நேரத்தில்தான், பெரும்பாலான தோட்டங்களில் பூ தீர்ந்திருக்கிறது.

நான் வெள்ளை இனத்துக்காக அடம்பிடித்ததற்குத் தேனீ மட்டும் காரணம் இல்லை. மேரிலாந்து மாநிலத்தின் பூச்சி என்று 1973இல் சட்டமியற்றி அறிவிக்கப்பட்டது, பால்டிமோர் செக்கர்ஸ்பாட் என்ற பட்டாம்பூச்சி. கறுப்பு இறகில் ஆரஞ்சு விளிம்பும் வெள்ளைப் புள்ளி வரிசைகளும். மேரிலாந்துக் குடியேற்றத்தைத் தோற்றுவித்த பால்டிமோர் பிரபுவின் குலச்சின்னம் பொன்னும் கறுப்புமாக இருந்ததால் இந்தப் பெயர். அது கோடையில் ஆமைத்தலை இலையின் அடியில் நூற்றுக்கணக்கான முட்டைகளைக் குவியலாக இடும். புழுக்கள் வலை பின்னி அதற்குள் கூட்டமாக இருந்து இலையைத் தின்னும். பிறகு இறங்கி, தரையில் கிடக்கும் சருகுக்குள் குளிர்காலத்தைக் கழிக்கும். இலையின் கசப்பு புழுவின் உடம்பில் சேர்ந்து, பறவைகள் அதை ஒதுக்கும்படி செய்கிறது. சதுப்புகள் வடிக்கப்பட்டதாலும், பெருகிப்போன மான்கள் ஆமைத்தலைச் செடியை மேய்ந்துவிடுவதாலும், தன் பெயரைத் தாங்கிய ஊரைச் சுற்றியே இந்தப் பூச்சி இப்போது அரிதாகிவிட்டது.

2021 ஜூலையில் இலைகள் ஓட்டை ஓட்டையாக இருப்பதைக் கண்டு நான் துள்ளியதை வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். இலையைத் திருப்பினால், வெளுத்த சாம்பல் உடலில் கறுப்புப் புள்ளிகளோடு ஒரு புழு, முறுக்கைப் போல் சுருண்டு கிடந்தது. படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பிய பிறகுதான் லென்சை எடுத்துக் கால்களை எண்ணினேன். பட்டாம்பூச்சிப் புழுவுக்கு வயிற்றுப் பகுதியில் ஐந்து இணைக்கு மேல் பொய்க்கால்கள் இருக்காது. இதற்கு அதற்கும் மேல் இருந்தன. செக்கர்ஸ்பாட் புழுவோ ஆரஞ்சும் கறுப்புமாக, உடம்பெங்கும் கிளைத்த முட்களோடு இருக்கும். என்னிடம் வந்திருந்தது சாஃப்ளை என்ற, குளவிக்கு உறவான பூச்சியின் புழு. அதுவும் இந்தச் செடியையே நம்பி வாழ்வதுதான். மருந்தடிக்கவில்லை, ஆகஸ்டில் செடி புது இலை விட்டு, ஒரு வாரம் தாமதமாகப் பூத்தது.

அந்தச் சருகு விஷயத்தில்தான் எங்கள் குடியிருப்போர் சங்கத்தோடு உரசல் வந்தது. அந்த ஆண்டு வசந்தத்தில், பின்புறத்தில் ‘காய்ந்த தண்டுகளும் அகற்றப்படாத சருகும்’ இருப்பதாகக் கடிதம் வந்தது. இலையுதிர்காலத்தில் தோட்டத்தைக் கூட்டிப் பெருக்கித் துடைத்து வைப்பது இங்கே நாகரிகமாகக் கருதப்படுகிறது. புழுவும் கூட்டுப்புழுவும் தூங்கும் பாயைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, பட்டாம்பூச்சி ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். என் நல்ல காலம், மழைநீரை மண்ணில் இறக்கும் மழைத்தோட்டம், தேனீக்களுக்கும் பட்டாம்பூச்சிகளுக்குமான மகரந்தத் தோட்டம் போன்றவற்றை இத்தகைய சங்கங்கள் நியாயமின்றித் தடுக்கக் கூடாது என்ற மேரிலாந்துச் சட்டம் 2021 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதைக் குறிப்பிட்டுப் பணிவாக ஒரு பதில் எழுதினேன். கூடவே, பார்வைக்குத் திட்டமிட்டதாகத் தெரியட்டும் என்று பாத்தியைச் சுற்றிக் கல் வரிசை ஒன்றும் வைத்தேன். சட்டத்தைவிடக் கல் வரிசைதான் அவர்களைச் சமாதானப்படுத்தியது என்பது என் ஊகம்.

செடியைப் பெருக்குவது எளிது. ஏப்ரலில் புதரைக் கடப்பாரையால் பிளந்து நடலாம். ஜூனில் நுனித் தண்டை வெட்டி ஈர மண்ணில் செருகினாலும் வேர் பிடிக்கும். மே இறுதியில் நுனியைக் கிள்ளிவிட்டால் தண்டு சாயாமல் கிளைத்து அடர்த்தியாக வரும், பூ மட்டும் சற்றுப் பிந்தும். எனக்குப் பிடித்தது விதைதான். அக்டோபர் கடைசியில் உருண்டைக் காய்கள் பழுப்பேறி வெடிக்கும். உள்ளே சுற்றிலும் மெல்லிய சிறகு கொண்ட தட்டையான விதைகள், அப்பளத் துணுக்குகளைப் போல. இவை குளிரில் ஈரமாகக் கிடந்தால்தான் முளைக்கும். பால் கேனைக் குறுக்கே பாதி வெட்டி, அடியில் துளையிட்டு, மண் நிரப்பி, விதையை மேலாகத் தூவி, மூடியைக் கழற்றிவிட்டு டிசம்பரில் வெளியே வைத்துவிடுகிறேன். பனி அதன் மேல் விழும், உருகும், மறுபடி உறையும். ஏப்ரலில் கடுகளவு பச்சை தெரியும். பெரும்பாலும் மறு ஆண்டுதான் பூ. அதுவரை நாற்று பார்க்க நீர்ப்பிரம்மிக்கு அண்ணன் மாதிரி இருக்கும் என்று நான் சொல்வது வழக்கம். தாவரவியலாளர்கள் மரபணுவைப் பார்த்து, ஆமைத்தலையையும் நம் நீர்ப்பிரம்மியையும் இசப்பகோலையும் இப்போது ஒரே குடும்பத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

மூலையில் இப்போது பதினேழு புதர்கள் நிற்கின்றன. கூடவே சிவந்த கார்டினல் பூவும், பின்னால் உயரமாக ‘ஜோ பை வீட்’ என்ற செடியும். பெருமழையில் தண்ணீர் கல் வரிசை வரை ஏறி, மறுநாளுக்குள் இறங்கிவிடுகிறது. கொசு இல்லை.

அம்மா அதன் பிறகு இங்கே வரவில்லை. முழங்கால் வலி, அவ்வளவு நேர விமானப் பயணம் இனி முடியாது என்கிறார். ஆடி பிறந்துவிட்டால் போதும், தொலைபேசியில் பேரப்பிள்ளைகளை விசாரித்து முடித்ததும், ஆரஞ்சுப் புழு வந்துவிட்டதா என்று கேட்கிறார். இந்த ஆண்டும் எல்லா இலைகளையும் திருப்பிப் பார்த்துவிட்டேன். சுருண்டு கிடக்கும் சாம்பல் புழுக்கள்தான் இருந்தன. “சரி, அதுவாவது சாப்பிட்டுட்டுப் போகட்டும்” என்றார்.